நோட்டீஸ் தராத நோய்

சிவில் கோர்ட்டுகளில் ‘எக்ஸ்பார்ட்டி டிக்ரி’ என்று ஒன்று உண்டு. பிரதிவாதி ஆஜராகாதபோது வாதியின் பக்கத்தை மட்டும் கேட்டு வழங்கப்படும் தீர்ப்பு அது. ஆயினும், தமக்குச் சம்மன் முறைப்படி சார்வாகவே இல்லை என்று பிரதிவாதி ருஜுப்படுத்துவாராயின், அத்தீர்ப்பை ரத்துச் செய்து வழக்கைப் புதிதாக விசாரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மனிதர் வகுத்த சட்டத்தில் இவ்வளவு கருணை இருக்கிறது. கிளாக்கோமா என்னும் கண் நோயினிடம் அந்தக் கருணையும் இல்லை. அது சம்மன் அனுப்புவதில்லை, வாய்தா தருவதில்லை. பல ஆண்டுகள் மௌனமாக வழக்கை நடத்தி முடித்து, ஒருநாள் இருட்டைத் தீர்ப்பாகக் கொண்டுவந்து கொடுக்கிறது. அத்தீர்ப்பின்மேல் அப்பீலும் கிடையாது. இழந்த பார்வையை மீட்டுத் தரும் மருந்தோ ரண சிகிச்சையோ இன்றளவும் இல்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலே பொதுத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் நம் நேயர்கள் குடிநீருக்காகவும், சாலைக்காகவும், சாக்கடைக்காகவும் மனு எழுதிப் பழகியவர்கள். இந்நோயைக் குறித்தும் அவர்கள் மனு எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே நாம் இன்று கூற முன்வருவது.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். கண் நீரழுத்த நோய் என்று தமிழில் வழங்கும் இதனைப் பலர் இரத்த அழுத்தத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கின்றனர். ‘எனக்குப் பிரஷர் இல்லை; ஆகவே கண்ணுக்குப் பயமில்லை’ என்கின்றனர். இன்னும் பலர் இதைக் கண்புரை என்றே எண்ணி, புரை முற்றட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கின்றனர். புரையால் மறைந்த பார்வை ரண சிகிச்சையால் திரும்பும். கிளாக்கோமாவினால் போன பார்வை திரும்பாது. ஆகவே, ஒன்றை மற்றொன்றாகக் கருதிக் காத்திருப்பவர் தம் கண்ணையே பணயம் வைத்துக் காத்திருக்கிறார்.

நோயின் தன்மையை அறியப் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொண்டால் போதும். ஏரிக்கு வரத்து உண்டு, போக்கும் உண்டு. அவ்வாறே கண்ணினுள்ளும் ஒரு தெளிந்த நீர் இடைவிடாது ஊறி, கருவிழியின் ஓரத்திலுள்ள மிக நுண்ணிய மதகு வழியாக வெளியேறுகிறது. மதகு திறந்திருந்தும் உள்ளே தூர்ந்துபோனால் நீர் மெல்ல மெல்ல ஏறும். இது திறந்த கோண வகை. பலகை வந்து மதகின் வாயையே மூடிக்கொண்டாலும் நீர் ஏறும். இது மூடிய கோண வகை. ஏறிய நீர் கரையை அழுத்துகிறது. அக்கரையில் மிகவும் பலவீனமான இடம், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் சேர்ந்த பார்வை நரம்பு கண்ணைவிட்டு மூளைக்குப் புறப்படும் இடமாகும். சிலருடைய கரை இயல்பிலேயே மெலிந்தது; அவர்களுக்கு நீர்மட்டம் சாதாரண அளவில் இருக்கும்போதே கரை அரிக்கத் தொடங்குகிறது. ஆதலால், அழுத்தத்தை மட்டும் அளந்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிடுவது பரிசோதனை ஆகாது. நரம்பையும் நேரில் பார்த்தாக வேண்டும்.

நோட்டீஸ் தராத நோய் என்று நாம் கூறுவது ஏன்? நரம்பிழைகள் அழியும்போது வலி இல்லை, கண் சிவப்பதில்லை. முதலில் போவது பக்கப் பார்வை. ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் ஈடு செய்துவிடுகிறது. நேரே இருக்கும் எழுத்து கடைசிவரை தெளிவாகத் தெரிகிறது. தினந்தோறும் இந்தப் பத்திரிகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பவரும் நோயாளியாக இருக்கலாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பக்கத்துச் சந்திலிருந்து வரும் மோட்டார் சைக்கிள் திடீரென்று முளைத்ததுபோல் தோன்றினால், அவர் ஓட்டியவனை வைவாரே ஒழியத் தம் கண்ணைச் சந்தேகிப்பதில்லை. மூடிய கோண வகையில் சிலருக்கு மட்டும் கடும் கண்வலியும், தலைவலியும், வாந்தியும், விளக்கைச் சுற்றி வானவில் வளையமும் திடீரென்று தோன்றும். அதைப் பித்தம் என்று எண்ணி வீட்டில் கிடப்பது பெரும் பிழை. அன்றைய தினமே கண் வைத்தியரிடம் போக வேண்டிய அபாயம் அது.

இவையெல்லாம் எங்கோ அயல்நாட்டில் கண்ட சங்கதிகள் அல்ல. சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆராய்ச்சி நிபுணர்கள் 2001-க்கும் 2004-க்கும் இடையில் சென்னை நகரத்திலும், திருவள்ளூர், காஞ்சீபுரம் ஜில்லாக்களின் கிராமங்களிலும் 40 வயது நிரம்பியவர்களைப் பரிசோதித்தனர். ஒவ்வொரு பக்கத்திலும் மூவாயிரத்து எண்ணூறுக்குக் குறையாத பேர். ஆவடியும் பூந்தமல்லியும், அக்காலத்தில் அம்பத்தூருங்கூட, அந்தத் திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்தவையே. கிராமங்களில் திறந்த கோண நோய் நூற்றுக்கு 1.62 பேருக்கு இருந்தது, நகரத்தில் 3.51 பேருக்கு. மூடிய கோண நோய் இரு பக்கத்திலும் ஏறக்குறைய சமமாக, நூற்றுக்கு 0.9-ஐ ஒட்டி இருந்தது. திறந்த கோண நோய் கண்டவர்களில், தமக்கு நோய் உண்டு என்பதை அதுவரை அறியாதவர்கள் எத்தனை பேர்? கிராமங்களில் நூற்றுக்கு 98.5, நகரத்தில் நூற்றுக்கு 94! மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியார் தென் ஜில்லாக்களில் 5,150 பேரைப் பரிசோதித்து 2003-ல் வெளியிட்ட முடிவும் இதையே சொல்லிற்று. அங்கும் அறியாதவர் நூற்றுக்கு 93.

கிராமத்தைவிட நகரத்தில் நோய் இருமடங்கு என்னும் எண்ணை நம் வட்டாரத்தார் ஊன்றி நோக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் வயலும் ஏரியுமாக இருந்து, இன்று தொழிற்சாலையும் அடுக்கு வீடுமாக மாறிய ஊர்கள் நம்முடையவை. அதே நிபுணர்கள் 6 ஆண்டுகள் கழித்து அதே மக்களை மறுபடியும் பரிசோதித்தபோது, முன்பு நோயற்றிருந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத் திறந்த கோண நோய் புதிதாகத் தோன்றியிருந்தது. நகரவாசம், முதுமை, கண்ணின் மிகுந்த அழுத்தம், கிட்டப்பார்வை ஆகியவை உள்ளவர்களையே அது அதிகமாகப் பற்றியது. ஒருமுறை பார்த்து ‘குறை இல்லை’ என்று அறிந்துகொண்டால் ஆயுளுக்கும் போதாது என்பது இதனால் விளங்கும்.

இதில் நம்மை வெட்கப்பட வைக்கும் ஒரு சரித்திரமும் உண்டு. இன்று எழும்பூரில் உள்ள சர்க்கார் கண் ஆஸ்பத்திரி 1819-ல் ஸ்தாபிக்கப்பட்டது. உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அதன் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் என்னும் ஆங்கில வைத்தியர், கருவிழியும் வெள்விழியும் சேரும் எல்லையில் சிறு துளையிட்டு நீரை வடியச் செய்யும் ரண சிகிச்சையை 1909-ல் உலகுக்கு வெளியிட்டார். பல நாட்டு வைத்தியர்களும் பல்லாண்டுகள் அதைக் கையாண்டனர். இன்று நடைபெறும் ரண சிகிச்சைகளிலும் அதே தத்துவம் வாழ்கிறது. இந்நோய்க்குச் சிகிச்சை வகுத்து உலகுக்கு அளித்த பட்டணத்திலேயே, நூறாண்டு சென்ற பின்பு, நூற்றுக்கு 94 நோயாளிகள் தாம் நோயாளி என்று அறியாமல் நடமாடுகின்றனர். குறை வைத்திய சாஸ்திரத்தினுடையது அன்று. சாஸ்திரம் ஜனங்களைச் சென்றடையாததே குறை.

யார் முக்கியமாக எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்? 40 வயதைக் கடந்தவர்கள். தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோரில் எவருக்கேனும் இந்நோய் உள்ளவர்கள். அதிகக் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவர்கள். கண்ணில் பலத்த அடிபட்டவர்கள். மூடிய கோண வகை பெண்களையும், தூரப்பார்வை உள்ள சிறிய கண்ணினரையும் அதிகம் நாடுகிறது. ஹாலந்து தேசத்து ரோட்டர்டாம் நகரில் செய்த ஆராய்ச்சி, நோயாளியின் நெருங்கிய இரத்த பந்துக்களுக்கு ஆயுட்காலத்தில் இந்நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு என்று 1998-ல் காட்டியது. ஆகவே ஒருவருக்கு நோய் கண்டால், அன்றே அவருடைய குடும்பம் முழுவதற்கும் சம்மன் வந்துவிட்டதாகக் கருத வேண்டும்.

மற்றோர் அபாயம் நாமே தேடிக்கொள்வது. கண் உறுத்தினாலும் அரித்தாலும் மருந்துக் கடைக்குப் போய் ‘ஒரு சொட்டு மருந்து’ என்று கேட்டு வாங்குகிறோம். அவற்றில் ஸ்டெராய்டு சேர்ந்தவை உண்டு. அரிப்பு உடனே அடங்குகிறது. ஆகவே மாதக்கணக்கில் குழந்தைகளுக்குங்கூட விடுகிறோம். சிலருடைய கண்ணில் அம்மருந்தே மதகை அடைத்து நீரழுத்தத்தை ஏற்றி, நரம்பைக் கெடுத்துவிடுகிறது. வைத்தியரின் சீட்டின்றி அவற்றை விற்கலாகாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்க, மருந்து கடைவாசலில் தாராளமாகக் கிடைக்குமானால், குற்றம் விற்பவரோடு நின்றுவிடாது. கேட்டு வாங்கும் நம்மையும் சேரும்.

கண்டறிந்துதான் என்ன பயன் என்று சிலர் வினவலாம். அழுத்தம் மிகுந்து, நரம்பு கெடாத 1,636 பேரைக்கொண்டு அமெரிக்காவில் நடந்த சோதனையில், 5 ஆண்டுகளில், மருந்து விடாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கும், விட்டவர்களில் 4.4 பேருக்கும் நோய் கண்டது. ஸ்வீடன் தேசத்தில், நோய் தொடங்கியவர்களிடையே நடந்த சோதனை, அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் குறையக் குறைய நோய் முற்றும் அபாயம் நூற்றுக்குச் சுமார் 10 வீதம் குறைகிறதென்று காட்டியது. தினமும் ஒரு சொட்டு தவறாமல் விடுவதால் ஒருவர் ஆயுள் முழுவதும் பிறர் கைப்பிடியின்றி நடக்கக்கூடும் என்றால், அதைவிட மலிவான சுதந்திரம் வேறெது?

வீடு வீடாக எல்லாரையும் பரிசோதிப்பது பணத்தை விரயம் செய்வதாகும் என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. அறிகுறியற்ற எல்லாரையும் சலித்துப் பார்க்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க நிபுணர் குழுவொன்று 2022-ல் கூறியிருக்கிறது. நாமும் அதைக் கேட்கவில்லை. எப்படியும் வைத்தியரின் வாசலுக்கு வந்துவிட்டவரை நரம்பைப் பாராமல் திருப்பி அனுப்பாதீர்கள் என்பதே நம் கோரிக்கை. புரை முகாமுக்கு வந்தவருக்குப் புரை இல்லையென்று சொல்லி அனுப்பிவிடுவதோடு கடமை முடிந்துவிடாது. கண்ணாடிக்கு வந்தவர் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டார் என்பதனால் அவர் நரம்பு நலமாக இருக்கிறது என்று ஆகாது.

தீர்மானங்கள் நிறைவேற்றுவதில் ஆவடிக்கு 1955-லிருந்தே சரித்திரப் பிரசித்தி உண்டு. நாம் வேண்டுவது இன்னொரு தீர்மானம் அன்று. செய்யக்கூடிய சில காரியங்கள். நம் ஊர்களில் நடக்கும் கண் முகாம் ஒவ்வொன்றிலும், 40 வயது கடந்தவருக்கு நரம்புப் பரிசோதனையும் அழுத்தப் பரிசோதனையும் உண்டா என்று, முகாமுக்குப் பந்தல் போட்டுக் கொடுக்கும் தொண்டர்கள் முன்கூட்டியே கேட்கட்டும். இல்லையென்றால் ஏற்பாடு செய்யும்வரை வற்புறுத்தட்டும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் பெண் ஊழியர்கள், ‘உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் கண் நீரழுத்தம் உண்டா?’ என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கச் சர்க்கார் உத்தரவிடட்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து ஒரு மாதம் இருந்து மறுமாதம் இல்லாமற் போகாமல், நம் பிரதிநிதிகள் பார்த்துக்கொள்ளட்டும். நிறுத்திய மருந்து, நோய்க்குத் திறந்துவிட்ட கதவு. தொழிற்சங்கத்தார், ஆலைகளில் நடக்கும் வருஷாந்தர வைத்தியப் பரிசோதனையில் கண் நரம்பையும் சேர்க்கக் கோரட்டும்.

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்காகச் சர்க்கார் நடத்தும் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. விரல் நுனியால் படித்து முன்னேறும் அம்மாணவர்களைக் கண்டு நாம் பெருமை கொள்கிறோம். அவர்கள் சிறு வயதிலேயே அந்த வித்தையைக் கற்கின்றனர். ஐம்பத்தைந்து வயதில், குடும்ப பாரம் தோளில் இருக்கும்போது, ஒருவர் புதிதாக அந்த அரிச்சுவடியைத் தொடங்க நேர்வது வேறு விஷயம். அதுவும், பத்தாண்டுகளுக்கு முன் கால் மணி நேரப் பரிசோதனையால் தடுத்திருக்கக் கூடியதென்று அறிந்தால், அவர் மனம் என்ன பாடுபடும்!

நேயர்களே, நோய் நோட்டீஸ் தராது. ஆகவே நோட்டீஸ் தரும் கடமை நம்முடையது. இவ்வாரம் நும் வீட்டில் 40 வயது கடந்தவர் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களை அழைத்துக்கொண்டு கண் வைத்தியரிடம் செல்லுங்கள். நரம்பைப் பார்த்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அழைத்துச் செல்பவருக்கும் 40 வயது கடந்திருந்தால், தம்மைத் தாமே மறந்துவிட வேண்டாம்.