பொன்னியின் செல்வனுக்கு அடுத்து என்ன படிக்கலாம்?

2022-இல் படம் வந்ததிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. ஆபீஸ் கேன்டீனில், கல்யாணப் பந்தியில், ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதுகூட. "பொன்னியின் செல்வன் முடிச்சுட்டேன் சார், அடுத்து என்ன படிக்கலாம்?" கல்வெட்டு, வரலாறு என்று இங்கே எதையாவது எழுதிக்கொண்டிருப்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்கிறார்கள். ரொம்ப நாள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்'. கேட்டவர்களும் பவ்யமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்களில் யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. அதை நான் யோசிக்கவும் இல்லை.

யோசிக்க வைத்தது என் அக்கா மகள். பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியம். தமிழ் அவளுக்கு ஒரு பரிட்சைப் பேப்பர், அவ்வளவுதான். முதல் படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாவது படம் வருவதற்குள் புத்தகத்தை முடித்தே தீருவது என்று உட்கார்ந்தாள். ஐந்து பாகம், 293 அத்தியாயம். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு நாலு பக்கம்தான் ஓடியதாம். கடைசி பாகத்தை ஒரு வாரத்தில் முடித்தாள். "மாமா, அடுத்து குடு" என்று வந்து நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அலமாரியிலிருந்து 'சோழர்கள்' தமிழ் மொழிபெயர்ப்பை, இரண்டு தொகுதியையும் எடுத்துக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. சங்ககாலச் சோழர்களிடமே ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாக நின்றுபோயிருந்தது. "நல்லா இருக்கு மாமா" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவள் தமிழில் எதுவும் படிக்கவில்லை, என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. 293 அத்தியாயம் தானாகப் படித்த ஒரு பெண்ணை இரண்டு தொகுதிகளில் நிறுத்திவிட்டேன். சாஸ்திரி மேல் தப்பில்லை. 1935-இலும் 1937-இலும் ஆங்கிலத்தில் வெளியானபோதும் சரி, 1955-இல் திருத்திய பதிப்பு வந்தபோதும் சரி, அந்தப் புத்தகம் இவளுக்காக எழுதப்பட்டதல்ல. எனக்குப் பிடித்த புத்தகத்தை நான் எனக்கே சிபாரிசு செய்துகொண்டிருந்தேன்.

தமிழில் நடந்த மிகப் பெரிய புத்தக சிபாரிசு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 1880 அக்டோபர், கும்பகோணம். அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் உ.வே. சாமிநாதையர். காலேஜ் தமிழ்ப் பண்டிதர், வயது இருபத்தைந்து, மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசரவில்லை. இவையெல்லாம் பிற்காலத்து நூல்கள், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். அப்படித்தான் சீவக சிந்தாமணி ஐயர் கைக்கு வந்தது. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. ஐயர் 'என் சரித்திர'த்தில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

பல தடவை படித்தும் நான் கவனிக்காமல் விட்ட விஷயம், முதலியார் செய்த காரியத்தின் வரிசை. முதலில், என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். பிறகு புத்தகத்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல் பிரதியையே கையில் கொடுத்தார். பிறகு தானும் கூட உட்கார்ந்து பாடம் கேட்டார். நான் செய்தது இரண்டாவதை மட்டும்.

இப்போது கேள்வி கேட்பவர்களிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன்: "படிக்கும்போது எந்த இடத்துல போனை மறந்தீங்க?" பிடித்த கதாபாத்திரம் யார் என்று கேட்டால் எல்லாரும் வந்தியத்தேவன் என்பார்கள், பிரயோஜனம் இல்லை. போனை மறந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும்.

சதி, சுரங்கப்பாதை, அத்தியாயக் கடைசியில் வரும் திடுக்கிடல் என்று சொல்கிறவர்களுக்கு சாண்டில்யன்தான். 'யவன ராணி', 'கடல் புறா'. வர்ணனைகளைத் தாண்டிப் போனால் பாவமில்லை.

வந்தியத்தேவன் குதிரையில் போகும் வழி பிடித்தது, ஆடிப்பெருக்கு, வாய்க்கால், ஊர்கள் பிடித்தன என்றால் நாவலே வேண்டாம். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவேரியோடு பயணம் செய்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' (1971) இருக்கிறது. பயண நூல். தகவலும் ரசனையும் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதில் வரும் காவேரியில் தண்ணீர் ஓடுகிறது என்பதே இன்று படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும்.

"இதெல்லாம் நிஜமா நடந்ததா?" என்று கேட்கிறவர்கள் என் ஜாதி. அவர்களுக்கு முதலில் சொல்வது, கல்கி எழுதிய முடிவுரையைப் படியுங்கள் என்பது. கதை முடிந்தது என்று நிறையப் பேர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். அடுத்து, யார் நிஜம் யார் கற்பனை என்ற கணக்கு. குந்தவையின் கணவர் வந்தியத்தேவர் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அநிருத்தப் பிரமராயர் அன்பில் செப்பேட்டில் இருக்கிறார். நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் குழந்தைகள்.

அதற்கப்புறம் எந்த வரலாற்று நூல் என்பதற்கு நான் ஒரு டெஸ்ட் கேஸ் வைத்திருக்கிறேன். தொழில் புத்தி. சோழர் வரலாறு என்று எந்தப் புத்தகம் கையில் கிடைத்தாலும் நேராக ஆதித்த கரிகாலன் கொலைக்குப் போவேன். ஏன் என்றால் அங்கே ஆதாரம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலோர் கொள்வது. (வீராணம் ஏரி பக்கத்தில்தான். கதை எந்த ஏரிக்கரையில் தொடங்குகிறதோ, அந்த ஏரிக்கரை ஊரிலேயே கொலைக்கான சாட்சியும் நிற்கிறது. கல்கிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.) பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர் அதில் வருகிறது. அவர்களுடைய, உறவினர்களுடைய சொத்தைப் பறிமுதல் செய்து விற்கும்படி ஊர்ச் சபைக்கு வந்த அரசாணை வருகிறது. இத்தனையும் வருவது, அப்படி விற்கப்பட்ட நிலத்தை ஒருவர் வாங்கித் தர்மத்துக்கு எழுதிவைத்ததைப் பதிவு செய்யும்போதுதான். கிட்டத்தட்ட ஒரு நிலப் பத்திரத்தின் மூலவரலாறு மாதிரி. ஏன் கொன்றார்கள் என்று அதில் இல்லை. யார் தூண்டினார்கள் என்றும் இல்லை.

இவ்வளவுதான் கையில் இருப்பது. இதை வைத்துக்கொண்டு சாஸ்திரிக்கு உத்தம சோழன் மேல் சந்தேகம். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. குடவாயில் பாலசுப்பிரமணியன் கல்வெட்டையே வரிவரியாகப் பிரித்து ஒரு தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். மூன்று பேரும் ஆதாரம் எங்கே முடிகிறது, தன் ஊகம் எங்கே தொடங்குகிறது என்று காட்டிவிடுகிறார்கள். அதனால் நாமும் கூடச் சேர்ந்து சண்டை போட முடிகிறது. 'கொலையாளி யார்? ஆயிரம் ஆண்டு மர்மம் விலகியது' என்று அட்டையில் போட்டிருக்கும் புத்தகங்கள் இந்த டெஸ்டில் முதல் நிமிடத்திலேயே ஃபெயில். அவற்றில் சிலவற்றைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே இவர்களுக்கு என் சிபாரிசு பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்'. முதல் பகுதி 1949-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே எழுதியது, ஒவ்வொரு அரசனும் ஒரு தனி அத்தியாயம், ஆதாரம் அடிக்குறிப்பில். நாவலில் பார்த்த ஆட்களின் அத்தியாயங்களை மட்டும் முதலில் படித்தால் போதும். விஜயாலயனிலிருந்து வரிசையாக ஏற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாஸ்திரி அதற்கு அப்புறம். ஊராட்சி, வரி, நிலம் என்று அவர் எழுதிய பகுதிகள்தான் புத்தகத்தின் உயிர் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது ராஜாக்கள் மேல் இருக்கும் மோகம் தீர்ந்தவர்களுக்குத்தான் ருசிக்கும்.

மோகம் சீக்கிரமே தீர்ந்துபோனவர்களும் உண்டு. "அரண்மனை சரி சார், சாதாரண ஜனங்க என்ன சாப்பிட்டாங்க, என்ன உடுத்தினாங்க?" என்று ஒரு டெஸ்டிங் டீம் தம்பி கேட்டான். தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' கொடுத்தேன். உப்பைப் பற்றி, சோற்றைப் பற்றி சின்னச் சின்னக் கட்டுரைகள். பஸ்ஸில் இரண்டு ஸ்டாப்பிங்குக்குள் ஒன்று முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே கொடுத்தேன்: தொ.ப. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சில சமயம் ஒரே தாவாகத் தாவுவார், பென்சிலோடு படி. பென்சில் குறிகளோடு திரும்பி வந்தது. எனக்குச் சாஸ்திரி தராத சந்தோஷம் அது.

வரலாற்று நாவல்தான் வேண்டும், ஆனால் கொஞ்சம் வேறு மாதிரி என்றால் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்'. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வேராகக் கொண்டது. துபாஷிகள், தாசிகள், வியாபாரிகள் என்று கூட்டம் நிறையும், தலைக்கு மேல் ஒளிவட்டம் யாருக்கும் இருக்காது. இன்னொரு கோடியில் அசோகமித்திரனின் '18-வது அட்சக்கோடு'. 1947-48 செகந்திராபாத், நிஜாம் ராஜ்யம் கவிழ்கிறது, அது ஒரு கிரிக்கெட் ஆடும் பையனின் கண் உயரத்திலிருந்து மட்டும் தெரிகிறது. கல்கியில் நாம் எல்லாருடைய அறைக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம். இங்கே தெருமுனையில் என்ன என்று அந்தப் பையனுக்கே தெரியாது. கல்கி முடித்த கையோடு இதைக் கொடுக்காதீர்கள். ஒரு வருடம் போகட்டும்.

புத்தகத்தைப் பற்றி எழுதும்போதும் இதே சங்கடம் உண்டு. டெக்னிக்கல் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுவது சுலபம், கோட் ஓடுகிறதா இல்லையா, முடிந்தது. மற்றவற்றில் 'அருமை', 'தவற விடக்கூடாத நூல்' என்று நானும் நிறைய எழுதியிருக்கிறேன். பழைய பதிவுகளைப் புரட்டினால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்கே தொய்கிறது, எத்தனையாவது பக்கத்துக்கு அப்புறம் பிடித்துக்கொள்கிறது, முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும், எந்தப் பதிப்பு என்று எழுதியிருந்தால் யாருக்காவது உதவியிருக்கும். பதிப்பு சின்ன விஷயமில்லை. கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் பொன்னியின் செல்வனை அச்சிடலாம். நான் வாங்கிய ஒரு மலிவுப் பதிப்பில் ஒரு அத்தியாயமே இல்லை. இன்னொன்று சுருக்கப் பதிப்பு, அதை உள்பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் சொல்லியிருந்தார்கள். வாங்கும் முன் அத்தியாயங்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

அக்கா மகளிடம் அந்தப் போன் கேள்வியைப் போன வருடம் தீபாவளிக்குத்தான் கேட்டேன். கொஞ்சம் பயந்துகொண்டே. அவள் யோசிக்கவே இல்லை: "கோடிக்கரை மாமா. பூங்குழலி தனியா படகுல போறது." சோழர்களே இல்லை. கடல். இதை முதல் நாளே கேட்டிருந்தால் ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் கை ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' பக்கம்தான் போனது. பெரிய புத்தகம், கடற்கரைப் பேச்சு வழக்கில் நிறைய வரும். மறுபடியும் அதே தப்பா என்று கையை இழுத்துக்கொண்டு, வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' எடுத்துக் கொடுத்தேன். 1977-இல் வந்தது. ஒல்லியான புத்தகம். வல்லத்தை விற்க மனசில்லாத ஒரு அப்பா, லாஞ்சுகள் வந்துவிட்ட கடற்கரை, பிலோமி என்ற பெண். இந்தத் தடவை நானும் அதே வாரம் இன்னொரு முறை படித்தேன்.

இரண்டாம் நாளே போன் வந்தது. புத்தகம் எப்படி என்று அவள் சொல்லவில்லை. "பூங்குழலிக்குப் பணக் கஷ்டமே கிடையாதுல்ல மாமா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினோம். அக்கா நடுவில் வந்து சாப்பாடு ஆறுகிறது என்று இரண்டு தடவை கத்தினாள்.

'ஆழி சூழ் உலகு' இப்போது அவளிடம்தான் இருக்கிறது. மூன்று வாரம் ஆகிறது. எத்தனையாவது பக்கம் என்று கேட்கக் கூடாது என்று இருக்கிறேன்.