ஒலிவும் வெரளியும்

வெரளி மரத்தை ‘இலங்கை ஒலிவ்’ என்றும் வழங்குவர். எனினும் அது ஒலிவ் அன்று. மத்தியதரைக் கடல் நாடுகளுக்குரிய ஒலிவ், மல்லிகைக் குடும்பத்தது. வெரளி, உருத்திராக்கத்தின் இனத்தது.

ஒலிவ் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்தவை, அடிப்புறம் வெள்ளிபோல் மிளிரும், ஓரத்திற் பற்களில்லை. சிறு வெண்பூவில் நான்கு இதழ்களும் இரண்டு கேசரங்களும் உண்டு. கனியின் சதையிலிருந்து எண்ணெய் பெறப்படும்.

வெரளி இலைகள் ஒன்றுவிட்ட ஒழுங்கின, ஓரம் பல்லுடையது, உதிருமுன் சிவக்கும். புளிப்பான கனி உண்ணவும் ஊறுகாயிடவும் ஏற்றது, எண்ணெய்க்கு உதவாது.

ஒலிவ் பூப்பதற்குப் பல வாரக் குளிர் வேண்டும். அஃதில்லாத தாழ்நாட்டில் மரம் தழைக்குமேயன்றி நன்கு காய்க்காது. ஆகவே, ஒலிவ் எனக் கன்று விற்கப்படின், கமக்காரர் முதலில் இலையை நோக்குக. வெரளியாயின் வீட்டுத் தோட்டத்தில் நடலாம். ஒலிவாயின் எண்ணெய் வருமானத்தை நம்பிப் பணஞ் செலவிடலாகாது.