தொடர்மாடியிற் கூடிவாழ்தல்



யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்துப் பழகியோர் ஒரு சொற்றொடரை மறந்திருக்கமாட்டார்கள். நிலத்தின் பரப்பையும் எல்லைகளையும் கூறிய பின்னர், கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் அந்த ஆதனத்துக்கு உண்டு என நொத்தாரிசு எழுதியிருப்பார். வளவு ஒருவருடையது; வீடு ஒருவருடையது; கிணறோ பலருக்குப் பொது. பங்குள்ளவர் நீர் அள்ளலாம். ஆனால் கிணறு கலக்கி இறைத்துச் சேறு வாரும் நாளில் அவரும் ஓர் ஆளை விடவேண்டும். அல்லது கூலியிற் பங்கு தரவேண்டும். நீரிற் பங்கு வேண்டும், சேற்றிற் பங்கு வேண்டாம் என்று கூறுபவரை ஊர் மதிப்பதில்லை.

இந்தப் பழைய ஏற்பாட்டையே இன்று நம்மவருட் பலர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வேறோர் உருவத்தில் விலைகொடுத்து வாங்குகின்றனர். தொடர்மாடி வீடு என்பது அதுதான். ஆயினும் வாங்குவோர் பலர், வாசற் கதவுக்கு உள்ளே இருப்பதை மாத்திரமே தாம் வாங்கியதாக எண்ணிக்கொள்கின்றனர். இந்த எண்ணம் பிழையானது. தொடர்மாடிகளில் எழும் மனக்கசப்புகளுட் பெரும்பாலானவை இப் பிழையிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே, தொடர்மாடியில் வாழ்வோர் அறிந்திருக்கவேண்டிய சில காரியங்களை இன்று எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

முதலிற் சட்டத்தின் நிலையை நோக்குவோம். இலங்கையில் மாடிமனைகளின் சொத்துரிமையை ஒழுங்குசெய்வது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமாகும். பின்னர் 1982ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் அது திருத்தப்பட்டது. ஒரு கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே சொந்தமாக்கிக்கொள்ள இச் சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் அத்திவாரம், தூண்கள், வளைகள், முதன்மைச் சுவர்கள், கூரை, படிக்கட்டு, நடைவழி, நீர்த்தாங்கி, மின்னுயர்த்தி முதலியவை பொதுக்கூறுகள். இவற்றில் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. அப் பங்கை வீட்டிலிருந்து பிரித்து விற்க இயலாது. வீடு எவரிடம் செல்கின்றதோ அவரிடமே பங்கும் செல்லும்.

இப் பொதுக்கூறுகளைப் பேணுவதற்கு முகாமைக் கூட்டுத்தாபனம் என்ற ஓர் அமைப்பைச் சட்டம் உண்டாக்கியிருக்கின்றது. இப் பெயரைக் கேட்டவுடன், அஃது எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கும் அரசாங்கத் திணைக்களம் என்று சிலர் கருதுகின்றனர். அன்று. அக் கட்டடத்து வீட்டுரிமையாளர் அனைவரும் சேர்ந்ததே அக் கூட்டுத்தாபனம். அமெரிக்காவில் வீட்டுரிமையாளர் சங்கம் என வழங்குவதும் ஏறத்தாழ இத்தகையதே. எனவே, "கூட்டுத்தாபனம் ஒன்றும் செய்வதில்லை" என்று முறையிடுபவர், தம்மைப் பற்றித் தாமே முறையிடுகின்றார்.

இனி, வீட்டுக்காரர் செய்யவேண்டுவன யாவை எனப் பார்ப்போம்.

முதலாவது, வாங்குமுன் வாசித்தல். உறுதியை மாத்திரம் பார்த்தாற் போதாது. கட்டடத்தின் பதிவுசெய்யப்பட்ட வரைபடத்தைப் பார்க்கவேண்டும். உமது வீடு எங்கே முடிகின்றது, பொதுவிடம் எங்கே தொடங்குகின்றது, வண்டி நிறுத்தும் இடம் உறுதியில் உமக்கென எழுதப்பட்டதா, வாய்ச்சொல்லாற் கிடைத்ததா என்பன அதனாற் புலப்படும். கூட்டுத்தாபனத்தின் விதிகளையும், கடந்த இரண்டு மூன்று ஆண்டுக் கணக்குகளையும் கேட்டு வாங்குங்கள். விற்பவர் மாதக் கட்டணத்தை நிலுவையின்றிக் கட்டியிருக்கின்றாரா என எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பளிங்குத் தரையைப் பார்த்து மயங்குவோர் பலர்; கூரையில் ஏறிப் பார்ப்போர் சிலர். அச் சிலரே பின்னர் நிம்மதியாக உறங்குவர்.

இரண்டாவது, மாதக் கட்டணம். இதனை வாடகை போலவும் வரி போலவும் எண்ணிப் பலர் சலிப்படைகின்றனர். கீழ்வீட்டார், "நான் மின்னுயர்த்தியில் ஏறுவதில்லை, எனக்கேன் அதன் செலவு?" என்கின்றார். மேல்வீட்டார், "நிலத்தடித் தாங்கி கீழேதானே இருக்கின்றது, அதனைக் கீழ்வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும்" என்கின்றார். கூரையில் இறங்கும் மழைநீர் சுவர்வழியே கீழ்வீடு வரை கசியும் என்பதை முன்னவர் மறந்துவிட்டார். தமது வீட்டைத் தாங்குவதே கீழுள்ள தூண்தான் என்பதைப் பின்னவர் மறந்துவிட்டார். தலைக்கு வரும் நோவும் காலுக்கு வரும் நோவும் ஓருடம்புக்கே ஆகும். கட்டணத்தைக் கட்டத் தவறினால் சட்டப்படி அறவிடும் உரிமை கூட்டுத்தாபனத்துக்கு உண்டு. ஆனால் அயலாரை நீதிமன்றில் நிறுத்தும் நிலை எவருக்கும் அழகன்று.

மூன்றாவது, ஒதுக்கு நிதி. இதுவே யான் சிறப்பாக வற்புறுத்த விரும்புவது. காவலாளியின் சம்பளம், பொதுவிளக்கின் மின்கட்டணம், துப்புரவு ஆகியவற்றுக்கான பணம் மாதந்தோறும் வந்து மாதந்தோறும் செலவாகிவிடும். கூரைக்கு நீர்காப்புப் பூச்சு இடுதல், நீரிறைக்கும் இயந்திரத்தை மாற்றுதல், வெளிச்சுவரைச் செப்பனிடுதல் ஆகியவை பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருபவை. வரும்போது பெருந்தொகை கேட்பவை. இருபது வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் வீட்டுக்கு மாதம் 1,000 ரூபா வீதம் தனியே ஒதுக்கினால், ஆண்டுக்கு 240,000 ரூபாவும் பத்தாண்டில் 24 இலட்சமும் சேரும். வங்கி வட்டி வேறு. ஒதுக்காவிடில், வேலை வந்த நாளில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரேயடியாகப் பெருந்தொகை கட்டவேண்டி நேரும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு அஃது இயலுமா?

இது வெறும் பணக்கணக்கன்று; உயிர்க்கணக்கு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மயாமிக்கு அண்மையில், சேர்ப்சைட் என்ற கடற்கரைப் பட்டினத்தில் 1981ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதில் 136 வீடுகள். 2018ஆம் ஆண்டில் ஒரு பொறியியலாளர் அதனை ஆராய்ந்து, நீச்சற்குளத் தளத்தின் நீர்காப்புப் பழுதாகிவிட்டது, அதன் கீழுள்ள கொங்கிறீற்றுத் தட்டு பெரிதும் சேதமுற்றிருக்கின்றது என எழுதிக்கொடுத்தார். வீட்டுக்காரர் கூடினர், செலவைப் பற்றி வாதாடினர், நிருவாகக் குழுவினர் பலர் மனங்கசந்து விலகினர். மூன்றாண்டுகள் கழிந்தன. செலவு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டொலராக உயர்ந்தது. ஈற்றில் 2021ஆம் ஆண்டு ஏப்பிரலிற் பணம் அறவிட முடிவாயிற்று. முழுத்தொகையையும் கட்டுவதா, தவணையிற் கட்டுவதா எனத் தீர்மானிப்பதற்கு யூலை 1ஆம் நாள் இறுதி நாள். யூன் 24ஆம் நாள், பலரும் உறங்கிய வேளையில், கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தனர்.

கட்டடத்தின் வரைவிலேயே குறைகள் இருந்தன என்று பின்னர் ஆராய்ந்தோர் கூறியுள்ளனர். ஆகவே வீட்டுக்காரரின் தாமதமே முழுக் காரணம் எனக் கூறுவது நீதியாகாது. எனினும் ஒன்று தெளிவு: இரும்பின் துரு நமது கூட்டத்தின் தீர்மானத்துக்காகக் காத்திருப்பதில்லை. அடுத்த ஆண்டிலேயே புளோரிடா மாநிலம் சட்டத்தை மாற்றியது. மூன்றும் அதற்கு மேலும் மாடிகள் உள்ள பழைய குடியிருப்புகள் கட்டாயமாகப் பரிசோதிக்கப்படவேண்டும் என்றும், கட்டடத்தின் உறுதிக்கு வேண்டிய ஒதுக்கு நிதியை வீட்டுக்காரர் வாக்களித்துத் தவிர்க்கமுடியாது என்றும் விதித்தது.

வெள்ளவத்தையும் கடற்கரைதான். உப்புக்காற்று சுவரின் சிறு வெடிப்புகளின் வழியே உட்புகுந்து கொங்கிறீற்றின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவேற்றுகின்றது. துருவேறிய கம்பி பருக்கும்; பருத்த கம்பி சுற்றியுள்ள கொங்கிறீற்றை உடைக்கும்; உடைந்த வழியில் மேலும் நீர் இறங்கும். ஆகவே கூரைத்தட்டிற் செம்மஞ்சட் கறை, தூணில் நெடுக்காக ஓடும் வெடிப்பு, சீமெந்துப் பூச்சுத் துண்டு துண்டாக உதிர்தல் ஆகியவற்றைக் கண்டால், சுண்ணம் பூசி மறைத்துவிடாதீர்கள். தகுதிபெற்ற பொறியியலாளர் ஒருவரை அழைத்துக் காட்டி, அவர் கூறுவதை எழுத்தில் வாங்குங்கள்.

நான்காவது, பொதுக்கூட்டம். ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை உங்களுக்குத் தெரியும். தொடர்மாடிக் கூட்டங்களிற் கட்டுவதற்கு ஆண்டிகளே கூடுவதில்லை. பாடசாலையிற் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களைப் பல்லாண்டு நடத்திய அனுபவத்திற் கூறுகின்றேன்: கூட்டத்துக்கு வராதவர்களே மறுநாள் அதிகம் குறை கூறுவர். வீட்டை வாங்கிவிட்டுக் கனடாவிலோ இலண்டனிலோ வாழ்வோர், தமக்குப் பதிலாக வாக்களிக்க ஒருவரை எழுத்துமூலம் நியமித்தல் வேண்டும். பூட்டிய வீட்டின் கூரையும் ஒழுகத்தான் செய்யும்.

செயற்குழுவில் இருப்போர் சம்பளமின்றி உழைக்கும் அயலவர் என்பதை மறவாதீர்கள். அதுபோலவே, செயற்குழுவினரும் பொதுப்பணம் தமது பணமன்று என்பதை மறத்தலாகாது. ஒவ்வொரு வரவுக்கும் பற்றுச்சீட்டு, பெருஞ்செலவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விலைக்கோரல், கூட்டத்தின் முடிவுகளைப் பதிந்த அறிக்கை, ஆண்டுக்கு ஒருமுறை கணக்காய்வு ஆகிய நான்கும் இருப்பின் ஐயத்துக்கு இடமில்லை. அறிவித்தல்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டுதல் நன்று. தமக்கு விளங்காத மொழியில் எழுதிய விதியை ஒருவர் மீறினார் எனக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று.

ஐந்தாவது, அயலாருடன் பழகும் முறை. நமது தரை மற்றொருவரின் கூரை. இரவிற் பொருள்களை இழுத்தல், அதிகாலையில் உரலில் இடித்தல், சுவரைத் துளைத்தல் ஆகியவற்றை நேரமறிந்து செய்தல் வேண்டும். ஈரத்துணியின் நீர் கீழ்வீட்டு முற்றத்திற் சொட்டாமலும், பூச்சாடி கைப்பிடிச் சுவரிலிருந்து விழாமலும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். படிக்கட்டில் அலுமாரியும் பழைய சைக்கிளும் அடுக்குவதை மட்டும் எவரும் பொறுத்தலாகாது. தீப்பற்றினால் மின்னுயர்த்தியிற் செல்லலாகாது; அப்போது படிக்கட்டு ஒன்றே உயிர் தப்பும் வழி. வீட்டினுள்ளே ஒரு சுவரை இடித்து அறையைப் பெரிதாக்க விரும்பினாலும், அச் சுவர் கட்டடத்தின் சுமையைத் தாங்குவதா என அறியாமலும், உரிய அனுமதி பெறாமலும் கைவைக்காதீர்கள். வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர் விதிகளின் பிரதியொன்றைக் குடியிருப்பவரிடம் கொடுத்தல் வேண்டும். அவர் செய்யும் பிழைக்கு வீட்டுக்காரரிடமே அயலார் விளக்கம் கேட்பர்.

ஆறாவது, முறைப்பாடு. கோபம் மூண்ட இரவிற் கதவைத் தட்டாதீர்கள். மறுநாள் அமைதியாகப் பேசுங்கள். பயனில்லையாயின் செயற்குழுவுக்குத் திகதியிட்டுக் கடிதம் எழுதிப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதனாலும் தீராவிடின், கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கின்றது. 1973ஆம் ஆண்டிற் பொது வசதிகள் சபையாகத் தொடங்கி, 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் இப் பெயர் பெற்ற நிறுவனம் அது. எதுவரினும், சினத்தால் மாதக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள். கட்டணத்தை நிறுத்துவதால் தண்டனை பெறுபவர் செயற்குழுத் தலைவர் அல்லர். மின்னுயர்த்தி பழுதானபோது ஐந்தாம் மாடியில் மருந்துக்கு வழியின்றித் தனித்திருக்கும் மூதாட்டியே.

நேயர்களே, இவை யாவும் ஒரு நாளிற் கைகூடுபவை அல்ல. ஆயினும் இம் மாதம் முடியுமுன் மூன்று காரியங்களை நீங்கள் செய்யலாம். உங்கள் கட்டடத்தின் ஒதுக்கு நிதியில் எவ்வளவு பணம் இருக்கின்றது எனக் கேளுங்கள். கட்டடத்துக்குத் தீக் காப்புறுதி நடப்பில் உள்ளதா எனக் கேளுங்கள். பின்னர் ஒருமுறை மொட்டைமாடி வரை ஏறி, கூரையையும் நீர்த்தாங்கியையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அவை உங்களுடையவை என்ற எண்ணம் அங்கே நிற்கும்போதுதான் உண்டாகும்.