குழாய் முதலில், பஸ் பிறகு

டெல்லியில் ஓடிக்கொண்டிருந்த கடைசி டீசல் டவுன் பஸ் 2002 டிசம்பர் 1-ம் தேதியோடு சாலையை விட்டுப் போனது. இவ்வளவு பெரிய நகரம் தன் டவுன் பஸ்கள் அத்தனையையும் சிஎன்ஜி எனும் அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு மாற்றிக் காட்டியது என்று வெளிநாட்டு நிபுணர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாற்றி முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் முதலில் குறித்திருந்த நாள் 2001 மார்ச் 31. பாராட்டுப் பத்திரங்களில் இடம்பெறாத அந்த இருபது மாதங்களைத்தான் இன்று பஸ் வாங்கக் கிளம்பியிருக்கும் ஒவ்வொரு நகரமும் படிக்க வேண்டும்.

வழக்கு பழையது. டெல்லிக் காற்றைப் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா மனுப் போட்டது 1985-ல். நோட்டீஸும் பதில் மனுவும் அவகாசக் கோரிக்கையுமாகவே பத்து வருடம் ஓடிவிட்டது. 1996-ல் அனில் அகர்வாலின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 'ஸ்லோ மர்டர்' என்ற அறிக்கையை வெளியிட்டது. வண்டிப் புகை, எரிபொருளின் தரம், அரசு காட்டிய மெத்தனம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டிய அறிக்கை அது. 1998 ஜனவரியில் ஐ.ஏ.எஸ். அதிகாரி புரே லால் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. அகர்வாலும் அதில் உறுப்பினர். கமிட்டியின் பரிந்துரையை ஏற்று அதே ஆண்டு ஜூலை 28-ல் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எட்டு வயது தாண்டிய பஸ்கள் 2000 ஏப்ரல் முதல் சிஎன்ஜி போன்ற தூய எரிபொருளில் மட்டுமே ஓடலாம். 2001 மார்ச் 31-க்குள் மொத்த டவுன் பஸ்களும் சிஎன்ஜிக்கு வந்துவிட வேண்டும். பஸ்களின் எண்ணிக்கை 10,000 ஆக வேண்டும். ஒன்பதே ஒன்பதாக இருந்த கேஸ் பங்க்குகள் 2000 மார்ச் 31-க்குள் 80 ஆக வேண்டும்.

பங்க் பெருக வேண்டிய தேதிக்கும் பஸ் மாற வேண்டிய தேதிக்கும் நடுவே ஒரு வருட இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். உத்தரவு எழுதியவர்களுக்கு எது முந்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. நிறைவேற்ற வேண்டியவர்கள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வரட்டும், பங்க் திறக்கிறோம் என்றது ஒரு தரப்பு. பங்க் எங்கே, எதை நம்பி பஸ் வாங்குவது என்றார்கள் பஸ் முதலாளிகள். ஆர்டர் வந்தால்தானே செய்ய முடியும் என்றன கம்பெனிகள். பஸ் செய்யத் தெரியாமல் இல்லை. சென்னையின் அசோக் லேலண்ட் 1997-லேயே சிஎன்ஜி பஸ்ஸைச் செய்து காட்டிவிட்டது. எப்படியும் அவகாசம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைதான் எல்லோரையும் உட்கார வைத்தது. நம் ஊர் கோர்ட் வழக்கம் தெரிந்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கேஸ் பங்க் என்பது டீசல் பங்க்கில் இன்னொரு குழாயைச் சேர்ப்பது மாதிரி எளிய வேலை இல்லை. டீசலை லாரியில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினால் முடிந்தது. கேஸ் குஜராத்தின் ஹஜீராவிலிருந்து கிளம்பும் நீண்ட குழாய்வழியே டெல்லிக்கு வருகிறது. நகரத்துக்குள் குழாய் போன இடங்களில் கம்ப்ரெஸர் வைத்து அழுத்தி, வண்டியின் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் நிரப்பலாம். குழாய் போகாத இடங்களில்? குழாய் உள்ள 'மதர் ஸ்டேஷ'னில் சிலிண்டர் அடுக்குகளை நிரப்பி, லாரியில் ஏற்றி, 'டாட்டர் ஸ்டேஷ'னுக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். அங்கிருந்து வண்டிக்குக் கேஸ் போவது அழுத்த வித்தியாசத்தால் மட்டுமே. மாடித் தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்கக் குழாயில் வேகம் குறைவதைப்போல, அடுக்கு காலியாகக் காலியாகக் கேஸ் ஏறும் வேகமும் குறையும். வரிசையில் பின்னால் நின்றவர் அதிக நேரம் காத்திருந்து குறைவாக வாங்கிக்கொண்டு போவார். அவசரமாக நிரப்பினாலும் வம்புதான். கேஸ் சூடாகி, முள் 'ஃபுல்' என்று காட்டும். ஆறிய பிறகு பார்த்தால் அழுத்தம் இறங்கியிருக்கும். பாதி டேங்கோடு போன டிரைவர் மறுபடி வரிசைக்கு வருவார். கம்ப்ரெஸருக்கு மின்சாரம் வேண்டும், கரண்ட் போனால் எல்லாரும் நிற்க வேண்டும். டெல்லியில் ஆட்டோக்களும் பஸ்களும் கேஸுக்காக மணிக்கணக்கில், சமயங்களில் ராத்திரி முழுக்க, கிலோமீட்டர் கணக்கில் நின்றது இப்படித்தான். வரிசையில் நின்ற நேரத்துக்கு ஆட்டோக்காரருக்கு யாரும் கூலி தரவில்லை.

2001 ஏப்ரல் பிறந்தபோது போதுமான கேஸ் பஸ்கள் இல்லை. டீசல் பஸ்ஸை எடுக்கவும் பயம். ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு மட்டும் செப்டம்பர் வரை அவகாசம் கிடைத்தது. நிறுத்தத்தில் நின்று நின்று பொறுமையிழந்த மக்கள், வந்த பஸ்களின்மேல் கோபத்தைக் காட்டினார்கள். டெல்லியின் பஸ்களில் பெரும்பகுதி அப்போது 'புளூலைன்' தனியார் பஸ்கள். அவற்றின் முதலாளிகளில் பலர் ஒன்றிரண்டு பஸ் வைத்திருந்தவர்கள். டீசல் என்ஜின் அழுத்தத்தில் எரிவது, சிஎன்ஜிக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும். எனவே ஒன்று என்ஜினை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது பஸ்ஸே வாங்க வேண்டும். பழைய பஸ்ஸின் கடன் அடையாமல் இருப்பவர் புதுக் கடனுக்கு எங்கே போவார் என்ற கேள்விக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

இதற்கு நடுவே எரிபொருள் சண்டை. விஞ்ஞானி ஆர்.ஏ. மஷேல்கர் தலைமையில் மத்திய அரசு அமைத்த கமிட்டி, 'புகைக்கு வரம்பு விதியுங்கள், எந்த எரிபொருள் என்று அரசு சொல்லக்கூடாது' என்றது. கொள்கையளவில் நியாயமான பேச்சு. கந்தகம் குறைந்த டீசல் போதும் என்ற கட்சியும் வலுவாக இருந்தது. ஆனால் அன்றைக்கு டெல்லியில் கிடைத்த நல்ல டீசலிலேயே பத்து லட்சத்தில் 500 பங்கு கந்தகம். அது 50 ஆனது 2010-ல், 10 ஆனது 2018-ல். போதாததற்கு மானிய விலை மண்ணெண்ணெய்க் கலப்படம் வேறு. புகைக்கு வரம்பு போட்டால் அதைத் தினமும் அளந்து பிடிக்க ஆள் வேண்டும். சிஎன்ஜியில் மண்ணெண்ணெயைக் கலக்க முடியாது. கண்காணிப்பு பலவீனமான நாட்டில் ஏமாற்ற முடியாத எரிபொருளே மேல் என்பது என் கட்சி.

2002 ஏப்ரல் 5-ல் நீதிமன்றம் கடைசியாகக் கையை ஓங்கியது. டீசல் பஸ் ஓடினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம், முப்பது நாள் தாண்டினால் 1,000. மே மாதத்திலிருந்து மாதம் 800 டீசல் பஸ்களை விலக்க வேண்டும். இன்னொரு உத்தரவைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: கேஸ் ஒதுக்கீட்டில் தொழிற்சாலைகளுக்கு முன்னால் போக்குவரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். கேஸுக்கு வழி பிறந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க அனில் அகர்வால் இல்லை. அதே ஆண்டு ஜனவரி 2-ல் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

டெல்லிக் காற்று சுத்தமானதா என்று கேட்டால், கரும்புகை விட்டுக்கொண்டு போகும் பஸ் காணாமல் போனது, அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்லலாம். கார்களும் பைக்குகளும் லாரிகளும் கட்டடத் தூசியும் பெருகி, கிடைத்த லாபத்தை விழுங்கிவிட்டன. பஸ்ஸை மாற்றியது வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்தது தவறு.

இப்போது மின்சார பஸ் காலம். டெல்லியில் 2022-லும், சென்னை வியாசர்பாடியில் 2025 ஜூன் 30-ல் 120 பஸ்களோடும் தொடங்கியிருக்கிறது. பெயர்தான் வேறு, கணக்கு அதே கணக்கு. ஒரு டிப்போவில் நூறு பஸ், ஒவ்வொன்றிலும் 200 யூனிட் பிடிக்கும் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். கடைசி டிரிப்புக்கும் விடியற்காலை முதல் டிரிப்புக்கும் நடுவே இருக்கும் ஐந்து மணி நேரத்தில் அத்தனையும் நிரம்ப அந்த ஒரு டிப்போவுக்கு மட்டும் 4 மெகாவாட் தேவை. அதற்குத் தனி லைன், தனி டிரான்ஸ்ஃபார்மர் என்று பஸ் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஏராளம். பணத்திலும் பழைய பாடம் இருக்கிறது. புளூலைன் முதலாளியின் தலையில் விழுந்த முதலீட்டை இன்று ஒப்பந்தக் கம்பெனி ஏற்கிறது, போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. அந்தப் பணம் மாதாமாதம் தவறாமல் போனால்தான் பஸ் ஓடும்.

அமைச்சர்கள் கொடியசைக்கும் படங்கள் இனி நிறைய வரும். உங்கள் ஊருக்கும் அப்படி ஒரு நாள் வந்தால், எத்தனை பஸ் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். டிப்போவுக்குக் கரண்ட் லைன் வந்தாயிற்றா, கம்பெனிக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து போகும் என்ற இரண்டையும் உங்கள் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் கேளுங்கள்.