தோல் ஆலைக்கு நோட்டீஸ் வந்தால் கிணற்றுக்காரர் செய்ய வேண்டியது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் ஒரு தோல் பதனிடும் ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் அனுப்பியதாகத் தெரிந்தால், பக்கத்து நிலத்துக்காரர்கள் பாதி வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். நோட்டீஸ் தீர்ப்பல்ல, விளக்கம் கேட்கும் கடிதமே. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். ஆனால் அவசர நிலை தவிர, அதற்கு முன் ஆட்சேபம் தெரிவிக்க ஆலைக்குக் குறைந்தது 15 நாள் தர வேண்டும்.

அந்தப் பதிலில் பெரும்பாலும் காணப்படும் வாதம் ஒன்று: "கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறோம், கிணற்றிலிருப்பது பாறையில் ஊறிய இயற்கை உப்பு." இதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. நம் பக்கத்துப் பாறைக் கிணறுகள் சிலவற்றில் இயற்கையாகவே உப்பு உண்டு. ஆகவே வாய்ப்பேச்சு உதவாது, அளவு வேண்டும்.

பச்சைத் தோலை உப்பிட்டுத்தான் பாதுகாக்கிறார்கள். முதல் ஊறலிலேயே அந்த உப்பு நீரில் இறங்கிவிடும். குரோமியத்தைச் சுண்ணாம்பிட்டு வண்டலாகப் பிரிக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் படியாது. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீரை ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால், சுமார் 2 லட்சம் லிட்டரில் 400 கிலோ உப்பு நிலத்தில் இறங்குகிறது. ஒரே பாய்ச்சலில் எட்டு மூட்டை! எந்த உரக்கடையிலும் இவ்வளவு வாங்கிப் போடமாட்டீர்கள்.

ஆலைக்கு மேட்டுப்புறம் ஒரு கிணறு, பள்ளப்புறம் உங்கள் கிணறு, இரண்டிலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள். இயற்கை உப்பென்றால் இரண்டிலும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். பள்ளக் கிணற்றில் மட்டும் குளோரைடு பலமடங்கு இருந்தால் ஆலைக்காரர் விளக்கம் சொல்லியாக வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டிய பின், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை கழுவிப் பிடியுங்கள். ஒருவர் ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தார். ஊறுகாயின் உப்பை அளந்து நான் என்ன செய்ய? தேதி, சர்வே எண், கிணற்றின் ஆழம் எழுதி ஒட்டவும். மே மாதமும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஜனவரியிலும், ஆண்டுதோறும் எடுத்து வாருங்கள். "அது பழைய மாசு" என்ற பதிலுக்கு வருடக்கணக்கான இந்தச் சீட்டுகளே மறுமொழி.

சீட்டின் நகலுடன் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். ஆலைக் கழிவுநீரை நீங்களே பிடித்துச் செல்வதில் பயனில்லை. வாரியம் சட்டப்படி எடுத்து முத்திரையிட்ட மாதிரியே வழக்கில் நிற்கும். எனவே மாதிரி எடுக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். நோட்டீஸ், ஆலையின் பதில் ஆகியவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோரலாம்.

உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்பளித்தபோது, சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் கெட்டதாக எங்கள் பல்கலைக்கழகத்தின் வேலூர் மையம் எடுத்த மண் ஆய்வு அதில் இடம்பெற்றது. 2001இல் 29,193 பேருக்கு ரூ.26.82 கோடி இழப்பீடு விதிக்கப்பட்டது. தரப்படாமல் நிற்பதை ஆறு வாரத்துக்குள் தந்து, ஆலைகளிடம் வசூலிக்குமாறு 30.1.2025 அன்று அதே நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். புதிய சேதத்துக்குச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஐந்தாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். சேதம் முதலில் தெரிந்த தேதியைக் குறித்துவைப்பது ஆகவே முக்கியம்.

இதற்கிடையில் ஜிப்சம் போட அவசரப்படாதீர்கள். அது களர் நிலத்துக்கு மருந்து. வெறும் உவர் நிலத்துக்கு நல்ல நீர் விட்டு, வடிகால் வழியே உப்பைக் கழுவ வேண்டும். உங்கள் நிலம் களரா உவரா என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டறிந்த பின் மூட்டை வாங்கலாம்.