மெழுகைச் சுமக்கும் ஆழ்கடல் மீன்கள்

மீன் எளிதில் செரிக்கும் உணவு என்பதால், உடல்நலம் தேறிவருவோருக்கு அதனை நாங்கள் பரிந்துரைப்பதுண்டு. ஆயினும் எல்லா மீன்களுக்கும் இது பொருந்தாது. எண்ணெய் மீன், எஸ்கோலார் எனப்படும் இரண்டு ஆழ்கடல் மீன்களைப் பற்றி நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்திருத்தல் நலம்.

வெப்பமான கடல்களில் சில நூறு மீட்டர் ஆழத்தில் வாழும் இவை, 2 மீட்டர் நீளம் வரை வளரக்கூடியவை. எஸ்கோலார் இரவில் இரை தேடி மேல்நீருக்கு வரும். கருமையான தோலுக்குள் இருக்கும் தசை வெண்மையானது; சுவையும் மிக்கது. அத்தசையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. அதில் பெரும்பகுதி மெழுகு வகையைச் சேர்ந்தது. நீரைவிட இலேசான அம்மெழுகு, மீன் மிதப்பதற்குத் துணைசெய்கிறது.

மீனுக்கு உதவும் அம்மெழுகை நம் குடலால் செரிக்க இயலாது. அது மலக்குடலில் தேங்கி, ஆரஞ்சு அல்லது பழுப்பு நிற எண்ணெயாக, தம்மையறியாமலேயே கசிந்துவிடக்கூடும். வயிற்றுவலி, குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியவையும் நேரலாம். சமைப்பதால் மெழுகு அழிவதில்லை. ஜப்பான் எஸ்கோலார் விற்பனையைத் தடைசெய்துள்ளது. 2007-இல் ஹாங்காங்கில், காட் மீன் என்று விற்கப்பட்ட எண்ணெய் மீனை உண்டு பலர் அவதியுற்றனர். வேறு நாடுகளில் எஸ்கோலார் 'வெள்ளை டூனா' என்ற பெயரிலும் விற்கப்பட்டுள்ளது.

பெரும்பாலோருக்கு இத்தொல்லை ஓரிரு நாள்களில் தானே நீங்கும். நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். எனினும் குடல்நோய் உள்ளோர், கருவுற்ற பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோர் இம்மீன்களை அறவே தவிர்ப்பது நன்று. தோலற்ற வெண்துண்டுகளாக மீன் வாங்கும்போதும், வெளிநாட்டு உணவகங்களில் உண்ணும்போதும் மீனின் சரியான பெயரைக் கேட்டறியுங்கள்.

எண்ணெய்க் கசிவைக் கண்டதும் குருதியென அஞ்ச வேண்டாம். ஆனால் மலத்தில் குருதி தென்பட்டாலோ, மலம் கருத்திருந்தாலோ, காய்ச்சல், மயக்கம், ஓயாத வாந்தி இருந்தாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாடுங்கள். முகம் சிவத்தல், தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை ஒவ்வாமையின் அறிகுறிகளாகவோ, கெட்டுப்போன மீனின் நச்சு விளைவாகவோ இருக்கலாம். அவற்றுக்கு உடனடிச் சிகிச்சை தேவை. எந்த மீனை, எப்போது உண்டீர்கள் என்பதைத் தயங்காமல் கூறுங்கள். அந்த ஒரு தகவல் தேவையற்ற பல பரிசோதனைகளைத் தவிர்க்க எங்களுக்கு உதவும்.