கிழமைக்கு இடமில்லாத சீட்டு

ஊர்ப்பக்கம் சரவாங்கி என்று சொல்லும் முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் எழுதப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலத்தை வேறு நாளில் சாப்பிடச் சொல்வார்கள். பல நேரம் இரண்டுமே சிறிய மஞ்சள் மாத்திரைகள். வாரத்துக்கு ஒன்றைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி படுத்துவிடும். வாயெல்லாம் புண்ணாகும், காய்ச்சல் வரும், உயிரும் போகலாம். இப்படி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. நம் மருந்துச் சீட்டின் மொழியோ 1-0-1. காலை, மதியம், இரவு என்று பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் மனப்பாடமான கணக்கு அது. அந்தக் கணக்கில் கிழமைக்கு இடமே கிடையாது. 0-0-1 என்று எழுதி, ‘வாரம் ஒருமுறை’ என்பதை ஆங்கிலத்தில் ஓரமாகக் கிறுக்கினால், பழகிய கண் எண்ணை மட்டுமே பார்க்கும். மெடிக்கலில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நாலு மாத்திரை கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரர் கையிலிருக்கும் துண்டோடு நின்றுவிடுகின்றன. வீட்டுக்கு வருவது காகிதக் கவரும் அதன்மேல் ஒரு பேனாக் கோடும்தான்.

இந்தத் தவறு நடந்தால் “படிக்காதவங்க, என்ன செய்றது” என்று நோயாளியின் தலையில் கட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. ரத்த அழுத்தத்தைப் போல, சர்க்கரையைப் போல, வாசிப்புத் திறனும் மருத்துவம் பார்ப்பவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய தகவல் என்பதே என் வாதம். எல்லாரும் படித்த ஊர் என்று நாம் நினைக்கும் கிளாஸ்கோவில் முடக்குவாத நோயாளிகளிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஆறில் ஒருவர் மருந்துச் சீட்டைக்கூட வாசிக்கத் திணறும் நிலையில் இருந்தார். அவர்கள் மற்றவர்களைவிட அதிக முறை மருத்துவமனைக்கு வந்து போயிருந்தார்கள். அமெரிக்காவில் 2006இல் வெளியான இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ‘இரண்டு மாத்திரை, நாளுக்கு இருமுறை’ என்ற வரியை, வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 71 சதவீதம் பேர் சரியாகவே சொன்னார்கள். அப்படியானால் ஒரு நாளுக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டச் சொன்னபோது முடிந்தது 35 சதவீதம் பேருக்குத்தான். வாய் வாசித்ததைக் கை செய்யவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களின் எழுத்தறிவு 73 சதவீதத்துக்குச் சற்று மேல். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. அந்த 73 சதவீதத்திலும் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். மாத்திரை அட்டையோ ஆங்கிலம் பேசுகிறது.

எல்லாவற்றையும் தமிழில் அச்சிட்டால் தீர்ந்தது என்பார்கள். அச்சிடத்தான் வேண்டும், ஆனால் அதோடு தீராது. ‘உணவுக்குப் பின் உட்கொள்ளவும், ஒவ்வாமை தென்படின் அணுகவும்’ என்ற தமிழ் யாருக்காக? நல்ல தமிழ்ச் சொல்லும் வழிதவறச் செய்யும். முழங்கால் வலியோடு போகிறவரிடம் ‘தேய்மானம்’ என்கிறோம். வண்டிச் சக்கரம் தேய்வதைப் பார்த்தவருக்கு அதன் பொருள் ஒன்றே: நடக்க நடக்க இன்னும் தேயும். அவர் நடையைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். தொடைத் தசை மெலிகிறது, எடை கூடுகிறது, வலியும் கூடுகிறது. உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான், முடக்குவாதத்திலிருந்து வேறான இந்தத் தேய்மான மூட்டுவாதத்துக்கு அடிப்படைச் சிகிச்சை என்பது, அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் மறைந்துபோகிறது.

படிப்பில்லாமை வறுமையின் நிழல்தானே, நோய் முற்றுவதற்கு வறுமைதானே காரணம் என்பது நியாயமான எதிர்க்கேள்வி. படிப்புக் குறைந்த முடக்குவாத நோயாளிகளிடம் உடல்நலக் கேடும் இறப்பும் அதிகம் என்று ஆய்வாளர்கள் பிங்கஸும் காலஹனும் 1985இலேயே எழுதினார்கள். அதில் வருமானத்தின் பங்கு எவ்வளவு, வேலையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்தான். ஆனால் வறுமையை மருத்துவர் ஒரு சீட்டில் போக்க முடியாது, புரியும்படி சொல்வது அவர் கையில் இருக்கிறது. நூறு பேர் வரிசையில் நிற்கையில் நேரம் ஏது என்றால், “எந்தக் கிழமை சாப்பிடுவீங்க, ஒரு தடவை சொல்லுங்கம்மா” என்று கேட்க அரை நிமிடம் போதும். அதைச் செவிலியரே கேட்கலாம். படிக்கத் தெரியுமா என்று கேட்டுக் கூசவைக்கவும் வேண்டாம். பட்டதாரி உட்பட எல்லாரையும் அப்படியே சொல்லச் சொல்லலாம். மகன் படித்துச் சொல்வான் என்ற நம்பிக்கையில் ஓர் ஓட்டை உண்டு. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது. இதை மகன் வழியாகக் கேட்க எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

புரியும்படியான விளக்கத்தைக் கேட்டு வாங்கச் சட்டம் இடம் தருகிறது. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி 2016இல் திருத்தப்பட்டது. மருந்தைப் பற்றி நோயாளிக்கு விளக்குவது பதிவுபெற்ற மருந்தாளுநரின் கடமை என்கிறது 2015ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை ஒழுங்குமுறை. ஆகவே கவரில் கிழமையைத் தமிழில் எழுதித் தரச் சொல்லலாம். பெயர் உள்ள துண்டைக் கேட்டு வாங்கலாம். சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும் முன் போதிய விவரம் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008இல் தீர்ப்பளித்தது. மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டுவிட்டதாகத் தெரிந்தால், வாய்ப்புண் வரட்டும் என்று காத்திராமல் உடனே மருந்தை நிறுத்தி, அட்டையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முறிமருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். மருந்தால் நேர்ந்த கேட்டை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பதியலாம். கட்டணம் வாங்கிய இடத்தில் கவனக்குறைவு நடந்திருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லாருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் அரசு மருத்துவமனைக்கு அந்த வழி இல்லை, மருத்துவர் மீதான புகாரை மாநில மருத்துவக் கவுன்சிலில் கொடுக்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது சீட்டையும் அட்டையையும்தான். அந்தப் பேனாக் கோடு போட்ட கவரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.